சதவீதத்துக்குள் அடங்காத பிள்ளைகள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று ஊரில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "நம்ம ஹைஸ்கூல் எத்தனை சதவீதம்?" முந்நூறு பேர் எழுதும் டவுன் பள்ளியில் ஒருவன் தவறினால் வெளியே தெரியாது. எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எழுதுவதே இருபது பேர். ஒரு பையன் கணக்கில் 35 எடுக்காமல் நின்றுவிட்டால் பள்ளி 95-க்கு இறங்கும்; இன்னொருத்தி அறிவியலில் விட்டால் 90. உடனே "வாத்தியார்கள் சரியில்லை" என்று பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பையன் ஆறாம் வகுப்பில் சேரும்போது எழுத்துக்கூட்டிப் படித்தானா, பருத்தி எடுப்பு நாட்களில் எங்கே இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை.

பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸைப் பார்க்க வேண்டும். கணக்குத் தாளில் வடிவியலுக்கு 8 மதிப்பெண், வரைபடத்துக்கு 8. கணக்கு டீச்சர் தினமும் ஒரு தொடுகோடும் ஒரு கிராஃபும் போட வைக்கிறார். திருகு தளர்ந்த கவராயத்தில் வட்டம் இழுத்துக்கொண்டே போகும்; அதில் நூல் சுற்றி இறுக்கிக் கொடுத்து, "பென்சிலைச் சீவிக்கிட்டு மறுபடி போடுப்பா" என்பார். அந்த 16 கைக்கு வந்துவிட்டால் மீதி 19-க்கு வழி தேடலாம். பூஜ்யத்திலிருந்து 35-க்கு ஒரு பிள்ளையைக் கொண்டு வருவது, 90 எடுப்பவனை 95-க்கு ஏற்றுவதைவிடக் கடினமான வேலை என்றே நான் நினைக்கிறேன்.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017-ல் நிறுத்தியது. நல்ல காரியம். பிள்ளைகள் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, பள்ளிகளுக்கு இறங்கவில்லை. சதவீதம் குறைந்தால் மீளாய்வுக் கூட்டத்தில் தலைமையாசிரியர்தான் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயம் முற்றினால் சில இடங்களில் ஒன்பதாம் வகுப்பிலேயே, "டி.சி. வாங்கிக்கோ, தனித்தேர்வரா எழுதிக்கலாம்" என்று பெற்றோரிடம் சொல்லிவிடுகிறார்கள். பள்ளிக்கு நூறு சதவீதம் வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை கட்டட வேலைக்குப் போய்விடுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. பள்ளியை அளக்க வேண்டுமென்றால் ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து, அதில் பெயர் உள்ளவர்களில் எத்தனை பேர் பத்தாவது தேறினார்கள் என்று எண்ணட்டும்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், ப்ளஸ் ஒன்னில் கிடைக்கும் சைக்கிள் எல்லாமே பத்தாவது தாண்டியவர்களுக்குத்தான்; இடையில் நின்றுவிடும் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் எட்டாது.

எங்கள் பள்ளியில் தவறியவர்களைக் கணக்கு டீச்சர் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டு வந்து துணைத்தேர்வுக்குத் தயார் செய்கிறார். அவர்கள் தேறினாலும் ஊர் பேசும் அந்தச் சதவீதத்தில் அது ஏறாது. அடுத்த பட்டியல் போடும்போது கல்வித்துறை அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும்.