விறகுத் தொட்டியில் ஒரு கணக்கு

அடுப்பில் எரியும் விறகை நினைப்போர் சிலர். அதனை வெட்டிய கைகளை நினைப்போர் மிகச் சிலர். இவ்வுண்மையை நாம் நூலில் கற்கவில்லை. பொன்னேரியில் வாப்பா நடத்திய விறகுத் தொட்டியில் கற்றோம்.

பழவேற்காடு, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மணற்பாங்கான நிலங்களில் சவுக்குத் தோப்புகள் மிகுதி. ஒரு காலத்தில் விறகு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னை சென்றது. நாம் சிறுவராயிருந்த 1990களில் லாரியேறிற்று. மணலில் லாரிச் சக்கரம் புதையுமாதலால், தோப்பிலிருந்து சாலைவரை டிராக்டர் டிரெய்லரில் இழுத்து வருவர். நேரான கழிகள் சாரம் கட்டப் போகும். மிளாறும் வேர்க்கட்டையும் தொட்டிக்கு வரும். கரையான் ஏறாதிருக்க அடியில் கட்டை பரப்பி, காற்றோட்டத்திற்காகக் குறுக்கும் நெடுக்குமாய் அடுக்குவோம். பச்சை விறகு காயக் காய எடை குறையும். ஈர விறகைக் காய்ந்த விறகென்று வாப்பா ஒருநாளும் விற்றதில்லை.

ஆயினும் தொட்டியில் மற்றொரு கணக்கும் இருந்தது. மரம் வெட்டிய இருளர் குடும்பங்களுக்குத் தந்த முன்பணக் கணக்கு அது. ஒன்பதாம் வகுப்பில் அதனை எழுதும் பொறுப்பு நமக்கு வந்தது. ஆண்டு முடிவில் முதியவர் ஒருவர், "சின்ன பாய், இன்னும் எவ்வளவு நிக்குது?" என்றார். தொகையைப் படித்தோம். அரிசிக்கும் மருந்துக்கும் வாங்கியவை சேர்ந்து, சென்ற ஆண்டினும் கூடியிருந்தது. அவர் ஒன்றும் கேளாமல் கோடரியுடன் டிரெய்லரில் ஏறினார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நம் எழுத்தை நம்பினார். விறகின் எடை காயக் காயக் குறைந்தது. அவர் கடனோ உழைக்க உழைக்க ஏறியது.

கல்லூரிக்கு வந்த பின்னரே 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை அறிந்தோம். நாம் பேரேடு எழுதுவதற்குப் பல்லாண்டு முன்பே அத்தகைய கடன்களை அச்சட்டம் செல்லாதவை ஆக்கியிருந்தது. வாப்பாவிடம் கேட்டோம். "எல்லாத் தொட்டியிலும் இதுதானே வழக்கம்" என்றார். அன்றிரவு அவர் உண்ணவில்லை. மறுவாரம் கணக்கை அடித்துவிட்டார். அம்முதியவர் அதற்குள் இறந்திருந்தார். அவர் மகனிடமே சொல்ல முடிந்தது.

வீடுதோறும் எரிவாயு வந்தபின் தொட்டியை மூடினோம். ஆனால் அக்கணக்கு எங்கும் மூடப்பட்டுவிடவில்லை. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் 42 பேர் மீட்கப்பட்டனர். சிறுவர்களும் அவர்களுள் இருந்தனர்.

மாணவச் செல்வங்களே! சவுக்கு இன்று காகித ஆலைகளுக்கும் செல்கிறது. நீங்கள் எழுதும் தாளின் பின்னும் ஒரு கோடரி இருக்கலாம். எழுத்தறியாதவர் உங்களிடம் ஒரு கணக்கை நீட்டினால், தொகையை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அது செல்லுமா என்பதையும் சொல்லுங்கள். நாம் அன்று சொல்லத் தவறினோம்.