மஞ்சள் மட்டும் போதுமாம்

தம்பி கல்யாணத்துக்குத் திருச்சி வந்துவிட்டு மெல்பர்ன் திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்த வாரம் ரத்தம் கொடுக்கப் போனேன். கேள்வித்தாளில், சமீபத்தில் வெளிநாடு போனீர்களா என்று ஒரு கேள்வி. ஊருக்குப் போய் வந்ததை வெளிநாட்டுப் பயணம் என்று டிக் அடிக்கும்போதே மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "இந்தியாவா? அப்போ ரத்தம் நாலு மாதம் கழித்துத்தான்" என்றார்.

எல்லாம் மலேரியா பயம். அந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் குடியிருக்கும். காய்ச்சல் எதுவும் காட்டாமல் பதுங்கியும் இருக்கும். அதனால் மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவர், திரும்பிய நாளிலிருந்து நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். அப்புறமும் சும்மா விடமாட்டார்கள். மலேரியாவுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று ரத்தத்தைச் சோதிப்பார்கள். கிருமி புகுந்திருந்தால் எதிர்ப்பொருள் உண்டாகிச் சோதனையில் தெரிவதற்குத்தான் இந்த அவகாசம். கொசு கடித்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை. கொசுவலைக்குள் படுத்ததையும் மண்டபத்து ஏ.சி. ரூமில் தங்கியதையும் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார், அவ்வளவுதான். சென்னை மொட்டைமாடித் தொட்டிகளில் மலேரியாக் கொசு முட்டையிடுவது எனக்கும் தெரியும். ஆனாலும் நம் ஊர்ப் பெயரைக் கணினியில் தட்டி ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் ரோஷம் வருமா, வராதா?

"பிளாஸ்மா கொடுக்கலாமே, இப்போதே" என்றார் அடுத்த மூச்சில். சிவப்பணு வேண்டாம், அதைச் சுமந்துபோகும் மஞ்சள் நீர் மட்டும் போதுமாம். அது நேராக நோயாளிக்குப் போவதில்லை. இதே மெல்பர்னில் பிராட்மெடோஸ் ஆலைக்குப் போய்ச் சுத்திகரிக்கப்பட்டு மருந்தாகிறது.

சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தார்கள். ஒரே கையில் ஒரே ஊசி. புஜத்துப் பட்டை இறுகும்போது கையை மூடித் திறக்க வேண்டும். ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுழன்று பிரிகிறது. பட்டை தளர்ந்தால் சிவப்பணுக்கள் அதே ஊசி வழியாகத் திரும்பி வருகின்றன. மறுபடி இறுக்கம், மறுபடி தளர்ச்சி. பக்கத்தில் தொங்கும் பையில் ரசத் தெளிவு மாதிரி மெல்ல ஏறுகிறது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்புக்குள் வரும்போது உதட்டோரம் குறுகுறுக்கும். சொன்னால் கால்சியம் மாத்திரை தருவார்கள். கடைசியில் உப்புநீர் ஏற்றும்போது கை ஜில்லிட்டுப்போகிறது. முந்தின நாளே நிறையத் தண்ணீர் குடித்து, உப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. முடிந்ததும் மில்க் ஷேக், இறைச்சி அடைத்த சாசேஜ் ரோல். சைவக்காரிக்குச் சீஸும் பிஸ்கட்டும்.

ஜேம்ஸ் ஹாரிசன் என்றால் இங்கே தெரியாதவர்கள் குறைவு. தாய்க்கும் கருவுக்கும் ஆர்.எச். பொருந்தாதபோது குழந்தையைக் காப்பாற்றும் ஆன்டி-டி மருந்து அவருடைய பிளாஸ்மாவிலிருந்து வந்தது. 1954-இல் தொடங்கி 1,173 முறை கொடுத்திருக்கிறார். வயது வரம்பு 2018-இல் நிறுத்தியது, 2025-இல் காலமானார். பெரிய மனிதர்தான், மறுக்கவில்லை.

ஆனால் நம் ஊர்ப் பையன்கள் மட்டும் என்ன குறைச்சல்? ஐப்பசி மழையோடு டெங்கு வந்துவிடும். "பிளேட்லெட் இறங்கிடுச்சு" என்று ராத்திரி பதினொரு மணிக்கு போன் வரும். பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, சேர்த்து வைக்க வழியில்லை. ரத்த வங்கிக் கவுண்டரிலோ டோனரைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். ரசிகர் மன்றத்துப் பையன்கள் பைக்கில் மூன்று பேராக வந்து இறங்குவார்கள், படுத்திருப்பது யார் என்றுகூடத் தெரியாமல். அவர்கள் பெயரை எந்தப் பத்திரிகையும் போடாது. இங்கே இரண்டு நாள் முன்பே நேரம் குறித்து, நினைவூட்டும் குறுஞ்செய்தி வாங்கிக்கொண்டு, மில்க் ஷேக்குக்கு எந்த ருசி வேண்டும் என்று யோசித்தபடி போகிறோம்.

பிளாஸ்மாவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாமாம். அம்மாவிடம் போனில் சொன்னேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தபோதே முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று பின்னாலேயே வந்தவள். சிவப்பணுவைத் திருப்பி ஏற்றிவிடுகிறார்கள், பயமில்லை என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"உன்னுதைத்தான் திருப்பிக் கொடுத்தாங்களா? நல்லாப் பாத்தியாடி?"