குவைத்துப் பெட்டி

விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் அதற்கு விரியலாக்கி என்று பெயர். பதினோராந் தரத்துப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதுகின்ற ஒவ்வொரு வருடமும் எங்கள் வீட்டு விறாந்தையின் மூலைதான் எனக்கு ஞாபகம் வரும். வீட்டில் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. வாப்பா 'அம்ப்' என்பார். உம்மாவுக்கு அது இன்றைக்கும் 'குவைத்துப் பெட்டி'.

1987இல் விடுமுறையில் வந்தபோது வாப்பா அதைக் கொண்டுவந்தார். சன்சுயி ஏயு-717. கறுத்த முகம், இரண்டு பக்கமும் கைபிடி, நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு குமிழ். பாரம் ஏறக்குறைய 18 கிலோ. ஊரைவிட்டுப் போன யாரோ ஒருவரிடம் பாவித்த சாமானாக வாங்கியதாம். அதற்குக் கொடுத்தது மூன்று மாதச் சம்பளம் என்று பின்னர்தான் தெரியவந்தது. அந்தக் காலத்தில் குவைத்திலிருந்து வந்தவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள், வீட்டுக்குத் தட்டுப் போட்டார்கள். எங்கள் வீடு ஓலைக் கூரையாகவே இருந்தது. "கிடுகு வீட்டுக்குள்ள யப்பான் செட்டு" என்று பெரியம்மா சொன்னதை உம்மா நீண்ட காலம் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை.

சன்சுயி மின்மாற்றி செய்வதில் தொடங்கிய கம்பனி. பெயருக்கு மலையும் நீரும் என்று அர்த்தம். 1970களின் பிற்பகுதியில் வந்த இந்த 717இல், இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக இரண்டு மின்மாற்றிகள். ஒரு பக்கம் எவ்வளவு இழுத்தாலும் மற்றப் பக்கத்துக்குக் குறைவு வராமலிருக்க அந்த ஏற்பாடு. பக்கத்துக்கு 85 வொட்ஸ். அந்தக் கம்பனி 2014இல் முறிந்துபோய்விட்டது.

அந்தப் பெட்டியில் நாங்கள் நாகூர் ஹனிபாவைக் கேட்டோம், இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக வாப்பாவைக் கேட்டோம். எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத மனிதர் அவர். கடிதத்துக்குப் பதிலாகக் கெசட் வரும். யாராவது ஊர்க்காரர் விடுமுறையில் வரும்போது ஒரு சவர்க்காரக் கட்டியோடு சேர்த்துக் கொடுத்தனுப்புவார். நாங்கள் மறுபக்கத்தில் பேசி அனுப்ப வேண்டும். நான் வாய்பாடு ஒப்புவித்து அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பாமல் உம்மா திறாங்குப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தவை ஏழு.

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. வாப்பா ஜோர்தான் வழியாக ஒரு தோள்பையோடு வந்து சேர்ந்தார். ஏழு வருட உழைப்பில் மிஞ்சியது முன்னமே வந்துவிட்ட அந்தப் பெட்டிதான். அதற்குப் பிறகு பெரியம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

வாப்பா 2011இல் மௌத்தானார். பெட்டிக்கும் வயது போயிருந்தது. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் ஒருமுறை கரண்ட் திரும்பி வந்தபோது இடது பக்கம் 'பட்' என்றது. பிறகு பேச்சில்லை. வலது பக்கத்தில் வண்டு பறப்பது போல ஓயாத ஓர் இரைச்சல்.

மூத்த மகன் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படித்தவன். "வாப்பா, உள்ளுக்குள்ள எல்லாத்தையும் கழட்டிப்போட்டு கிளாஸ்-டி போர்ட் ஒண்டு வைப்பம். உள்ளங்கையளவுதான். இருநூறு வொட்ஸ் வரும், சூடும் இல்ல" என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. விலையும் மலிவு. வெளிக்கூடு அப்படியே இருக்கும், உள்ளே ஆள் வேறு. இரண்டு கிழமை நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் டவுனிலுள்ள பழைய ரேடியோ திருத்துனரிடம் கொண்டுபோனோம். எழுபதைத் தாண்டியவர். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சேர், திருத்திறதா, கூட்டிறதா?" என்று கேட்டார். மகன் இருநூறு வொட்ஸ் கதையைச் சொன்னான். அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் கணக்கை நான்தான் மகனுக்கு விளக்க வேண்டியதாயிற்று. வலு இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். அது காதுக்குக் 'கொஞ்சம் கூட' என்று படுமே தவிர இரு மடங்காகப் படாது. சத்தம் இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது வலு பத்து மடங்காக வேண்டும். 85ஐ 850 ஆக்கினால்தான் அது நடக்கும். எங்கள் விறாந்தையில் பேச்சுக் கேட்பதற்கு ஒரு வொட்டே தாராளம். கலாசாலையில் மடக்கை படித்தது இப்படி ஒரு நாளைக்கு உதவியது. ஆகவே கூட்ட வேண்டியது வலுவையல்ல, இரைச்சலைக் குறைக்க வேண்டும்.

பழுதானவை பெரும்பாலும் மின்பகு கொள்ளளவிகள். திருத்துனரின் பாஷையில் கண்டென்சர். உள்ளேயிருக்கும் திரவம் காலப்போக்கில் காய்ந்துவிடும். பத்துப் பாகை சூடு குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொதுவான விதி. எங்கள் கரையோர வெக்கைக்கு அந்த விதி தலைகீழாகவே வேலை செய்யும். 85 பாகைக்குச் செய்தவற்றின் இடத்தில் 105 பாகைக்குச் செய்தவற்றைப் போடுவது என்று முடிவாயிற்று. ஸ்பீக்கரை இணைக்கும் ரிலேயின் முனைகள் கறுத்திருந்தன, அதுவும் புதிது. மின்னோட்டத்தைச் சரிபார்க்கும் சிறிய மாறுந் தடையிகளுக்குப் பதிலாகப் பல சுற்றுச் சுற்றக்கூடியவை. திரான்சிற்றர்கள் பழையனவே. "நல்லதைக் கழட்டப்படாது சேர்" என்றார்.

பெரிய கொள்ளளவிகளைக் கொழும்பில் ஒரு கடையில் வாங்கிவந்து கொடுத்தேன். அவர் ஒன்றைக் கையிலெடுத்துத் தூக்கிப் பார்த்தார். "பாரம் காணாது." அரத்தால் வாயை அறுத்துக் காட்டினார். பெரிய தகரக் குப்பிக்குள் பெருவிரலளவில் இன்னொரு குப்பி! மேலே பேர்போன கம்பனியின் பெயர் அச்சாகியிருந்தது. என் அரை மாதச் சம்பளம் அப்படிப் போயிற்று. கடைக்காரர் பற்றுச்சீட்டைப் பார்க்கவும் மறுத்துவிட்டார். நல்லவை வெளிநாட்டிலிருந்து மச்சான் மூலம் வந்துசேர நான்கு மாதம் சென்றது.

முதன்முதலில் கரண்ட் கொடுத்த அன்று நேரே கொடுக்கவில்லை. ஒரு பழைய மின்குமிழைத் தொடராக இணைத்து அதனூடாகக் கொடுத்தார். உள்ளே எங்காவது குறுக்குச் சுற்று இருந்தால் குமிழ் முழுப் பிரகாசமாக எரிந்துகொண்டேயிருக்கும். எல்லாம் சரியென்றால் ஒருமுறை பளிச்சிட்டு மங்கிவிடும். மகன் கண்ணை மூடிக்கொண்டான். குமிழ் பளிச்சிட்டது. நான் பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள் மங்கியது. பிறகு ஸ்பீக்கர் முனையில் மானியை வைத்து, ஒரு பக்கம் நான்கு மில்லிவோல்ற், மறுபக்கம் ஆறு என்று வாசித்தார். பரீட்சை முடிவு கேட்ட பிள்ளை மாதிரி நின்றிருந்தேன்.

கெசட் டெக்கின் தலையையும் ஸ்பிரிற் போட்டுத் துடைத்து, அதன் சாய்வையும் ஒரு சிறிய ஆணியால் சரிசெய்து தந்தார். பிறகு நடந்ததற்குப் பெட்டியை மட்டும் புகழக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்று இஷாவுக்குப் பிறகு உம்மாவைக் கதிரையில் இருத்தி, 1989 என்று எழுதியிருந்த கெசட்டைப் போட்டேன். வண்டு இரைச்சல் இல்லை. வாப்பா ஸலாம் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒரு குளிரூட்டி ஓடுவது கேட்டது. யாரோ அலுமினியக் கோப்பையைக் கழுவினார்கள். இத்தனை வருடமாக அந்த அறையில் இன்னொருவர் இருந்தது எங்களுக்குத் தெரியாது.

அந்தக் கெசட்டுகளில் இடையிடையே 'டிக்' என்று ஒரு வெட்டு விழும். பேச்சு அறுந்து மறுபடி தொடங்கும். ரெக்கோடர் மட்டமானது என்று சின்ன வயதில் நினைத்திருந்தோம். இப்போது அந்த 'டிக்'குக்கு முன்னால் இருப்பது கேட்டது. "சின்னவன் பள்ளிக்குப் போறானா" என்கிறார். மூச்சு ஒன்று உள்ளே இழுபடுகிறது, தொண்டையில் தடக்குகிறது. டிக். பிறகு தெளிந்த குரலில், "இங்க நல்ல சாப்பாடு, ஒரு குறையும் இல்ல" என்கிறார். இன்னுமோர் இடம், வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசும் இடம். அதே மூச்சு. டிக்.

நான் கெசட்டை நிறுத்தினேன். மகன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உம்மா, வாப்பா அழுதிருக்காரு. ஒவ்வொரு தரமும் நிப்பாட்டிப்போட்டு அழுதிருக்காரு" என்றேன்.

உம்மா முந்தானையைச் சரிசெய்தார். "அது எனக்கு அப்பவே தெரியும் மகன்" என்றார்.

மறுபடி போடச் சொன்னார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தி, "சத்தத்தக் கொறைச்சி வை. வேலிக்கு அங்கால கேக்கும்" என்றார்.