தும்பையின் முகம்

ஆந்திர மாநிலத்தின் எல்லையை அடுத்து விளங்குவது திருத்தணிகை. முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகப் போற்றப்பெறும் இவ்வூர், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. இங்கே ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் ஒலிக்கக் கேட்கலாம். நாம் தும்பை என்பதை அண்டை வீட்டார் தும்மி என்பர். பெயர் இரண்டாயினும் பூ ஒன்றே.

என் பாட்டியார் அறுபது ஆண்டுகள் மலையடிவாரத்தில் பூத்தொடுத்து விற்றவர். முதுமையில் அவருடைய கண்ணொளி மங்கிற்று. முழங்கால் வலியால் கோயிலின் 365 படிகளை ஏறுவதும் நின்றது. மார்கழித் திங்களில் ஒருநாள் அவர், "படியோரத்தில் இப்பொழுது தும்பை பூத்திருக்குமே, தம்பி!" என்று பெருமூச்செறிந்தார். அச்சொல் என் நெஞ்சைத் தொட்டது. என்னிடம் கையடக்கமான காமிரா ஒன்று இருந்தது. பூவைப் பெரிய படமாக்கிப் பாட்டியாருக்குக் காட்ட உறுதிகொண்டேன்.

மறுநாள் நண்பகலில் படியோரம் சென்று, காமிராவைப் பூவின்மேல் முட்டுமளவுக்கு நெருக்கிப் பத்துப் படங்கள் எடுத்தேன். பத்தும் வெண்புகை போல் மங்கிக் கிடந்தன. கண்ணையொட்டிப் பிடித்த புத்தகத்தின் எழுத்துத் தெரிவதுண்டோ? காமிராவுக்கும் அவ்வாறே ஓர் எல்லை உண்டு என்பதை அதன் கையேட்டைப் படித்த பின்னரே அறிந்தேன். சிறு பூவின் வடிவம் பொறித்த பொத்தானை அழுத்தினால், அவ்வெல்லை சில அங்குலமாகக் குறையும். அப்பொழுது உருவைப் பெருக்கிக் காட்டும் விசையைத் தொடாமல், நாமே பூவை நெருங்குதல் நன்று. படமெடுக்கும் பொத்தானைப் பாதியளவு அழுத்திப் பொறுத்தால், உருவம் தெளிந்ததைக் காமிராவே திரையில் காட்டும். அதன் பின்னரே முழுதும் அழுத்த வேண்டும்.

இதனைக் கற்றபின், காற்றின் தொல்லைக்கு அஞ்சி, பூங்கொத்து ஒன்றைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காமிராவை எடுத்து வருவதற்குள் பூக்கள் துவண்டுவிட்டன. அதைத் தடவிப் பார்த்த பாட்டியார், "நான் பறித்தது சாமிக்கு, நீ பறித்தது எதற்கு? பூ நடந்து வராது; உன்னால் நடக்க முடியுமே!" என்றார். நான் நாணித் தலைகுனிந்தேன்.

மூன்றாம் நாள் கதிரவன் எழுந்த சிறிது நேரத்திற்குள், காற்று அடங்கியிருந்த வேளையில் படியோரம் சென்றேன். முதலில் எருக்கம்பூவை எடுத்துப் பழகினேன். பெரிய பூ தொடக்கத்திற்கு எளிது. பின்னர்த் தும்பைக்கு நேராக அமர்ந்து, முழங்கைகளைப் படியில் ஊன்றிக்கொண்டேன். நண்பகல் வெயில் வெண்மலரின் நுட்பங்களை விழுங்கிவிடும். காமிராவின் மின்னொளியும் அவ்வாறே செய்யும். ஆகவே மின்னொளியை நிறுத்தி, நிழல் விழுந்த பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தேன். அதில் பட்டுத் திரும்பிய மெல்லொளி பூவின்மேல் படர்ந்தது. அருகிலிருந்து எடுக்குங்கால் பூ முழுவதும் தெளிவாக அமைவதில்லை. ஆதலால் இதழின் விளிம்பையே குறியாகக் கொண்டேன். பூவின் பின்னே கிடந்த காகிதக் குப்பையை அகற்றினேன். மூச்சை அடக்கிப் பலமுறை எடுத்தேன். அவற்றுள் ஒன்று நன்றாக அமைந்தது.

அதனைப் பெரிதாக அச்சிட்டுப் பாட்டியார் கையில் கொடுத்தேன். அவர் அதை வாயிற்படியின் வெளிச்சத்தில் நெடுநேரம் பிடித்திருந்தார். அரிசியளவே உள்ள பூவின் மேலிதழில் பஞ்சு போன்ற மென்மயிர் அடர்ந்திருந்தது. கீழிதழ் விரிந்த கைபோல் நீண்டிருந்தது. "அறுபது ஆண்டுகள் கையில் வைத்திருந்தேன்; இன்றுதான் இதன் முகத்தைப் பார்க்கிறேன்" என்றார்.

மாணவர்களே! காமிரா கிடைத்தால் நீங்களும் ஒரு சிறு பூவைத் தேடிச் செல்லுங்கள். அதைப் பறிக்க வேண்டா. அதன் முன் அமர்ந்து பொறுத்திருங்கள். கருவி இல்லையெனினும் கவலையில்லை; அமர்ந்து காணும் கண்ணுக்கும் அப்பூ தன் முகத்தைக் காட்டும்.