பாஸ்புக் படிக்கிற வேலை

"அறுபதாவது பிரிவைப் போட்டு ஒரு பக்கத்துக்கு ஒரு மனு. இதுக்குப் போய் இவ்வளவு நேரமா அண்ணே?" என்று ஓர் இளம் வக்கீல் என்னிடம் கேட்டார். முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகவே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்வி சுட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சிவில் நடைமுறைச் சட்டம் (சிபிசி) 60(1) பென்ஷனையும் பணிக்கொடையையும் ஜப்தியிலிருந்து விலக்குகிறது. 1871ஆம் வருட ஓய்வூதியச் சட்டத்தின் 11ஆவது பிரிவும் அப்படியே. இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு) போடுகிறவர் பென்ஷனை ஜப்தி செய்யுங்கள் என்று கேட்பதில்லை. 'வங்கிக் கணக்கில் உள்ள தொகை' என்றுதான் கேட்பார். 1976இல் ஜோதி சிட் ஃபண்ட் வழக்கில், ஊழியரின் கைக்குப் போய்ச் சேரும்வரை இந்தப் பணத்தின் தன்மை மாறாது என்றது உச்ச நீதிமன்றம். "கைக்கு வந்தாச்சே, இனி என்ன பாதுகாப்பு?" என்று எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. ராதே ஷியாம் குப்தா வழக்கில் 2008இல் வந்த தீர்ப்புதான் பென்ஷன்காரர் பக்கம் நின்ற எங்களுக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. ஓய்வுகாலப் பணம் கைக்கு வந்த பிறகும் தன் தன்மையை இழக்காது என்று அது சொன்னது.

தீர்ப்பு இருந்தால் போதாது. கணக்கில் கிடப்பது எந்தப் பணம் என்று யார் காட்டுவது? அதே கணக்கில் மகன் அனுப்பிய பணம் இருக்கும், பால் சங்கப் பணம் இருக்கும், நகைக்கடன் வரவும் இருக்கும். என் மூத்த குமாஸ்தா சிவப்பும் நீலமுமான இருமுனைப் பென்சிலோடு உட்காருவார். கருவூலத்திலிருந்து வந்த வரவுக்கு நீலம், மற்றதற்குச் சிவப்பு. எடுத்த பணம் ஒவ்வொன்றையும் முதலில் சிவப்பில் கழிப்பார். சிவப்பு தீர்ந்தால்தான் நீலத்தில் கை வைப்பார். எதிர்த்தரப்பு தலைகீழாகக் கழிக்கும், பென்ஷன் எல்லாம் செலவாகிவிட்டது என்று வாதிடும். அதனால் ஒவ்வொரு கழிவுக்கும் காரணம் சொல்ல வேண்டும். மருந்துக்கடை, மளிகை, கரண்டு பில் என்று கட்சிக்காரரைக் கேட்டுக் கேட்டு வரிக்கு வரி எழுதி, பிரமாணப் பத்திரத்தோடு சேர்ப்போம். ஒரு கணக்குக்கு ஒரு முழு ராத்திரி போகும். இன்று பழைய மனுவில் பெயரை மட்டும் மாற்றித் தாக்கல் செய்கிறார்கள். ஸ்டேட்மென்ட்கூட இணைப்பதில்லை. மனு தள்ளுபடியானால் மாதாந்திர மருந்துச் செலவு வக்கீலுக்கா நிற்கும்?

இதைவிடக் கடினம், கோர்ட்டுக்கே வராத பிடித்தம். தன் கடன் பாக்கிக்காக வங்கியே கணக்கில் ஹோல்டு போட்டுவிடும். இ.பி.யும் கிடையாது, நோட்டீசும் கிடையாது. கேட்டால், வங்கிக்குப் பிடித்துவைக்கும் உரிமை தரும் ஒப்பந்தச் சட்டம் 171ஐக் காட்டுவார்கள். 60ஆவது பிரிவும் 11ஆவது பிரிவும் கோர்ட் நடவடிக்கையைப் பற்றித்தானே பேசுகின்றன, நாங்கள் கோர்ட் இல்லையே என்பார்கள். கோர்ட்டே தொடக்கூடாத பணத்தை மேனேஜர் எப்படித் தொடலாம் என்பது என் வாதம். இதை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். 2023 செப்டம்பரில் தமிழக அரசின் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாயைச் சில வங்கிகள் பிடித்தபோது, மாநில நிதியமைச்சரே அறிக்கை விட வேண்டியிருந்தது. முதியோர் உதவித்தொகை வாங்கும் பாட்டிக்காக யார் அறிக்கை விடுவார்கள்?

பென்ஷனோ உதவித்தொகையோ வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பணத்துக்கென்று தனிக் கணக்கு வையுங்கள், கடன் வாங்கிய வங்கியில் வேண்டாம். வேறு பணம் அதில் ஒரு ரூபாய்கூடச் சேரக் கூடாது. மாதாமாதம் பாஸ்புக்கில் பதிவு போடுங்கள். ஜப்தி நோட்டீஸ் வந்தால் அன்றே தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போகும்போது பாஸ்புக்கை எடுத்துப்போக மறக்காதீர்கள்.