மிஷின் என்ன கேட்கிறது?

ஆபீஸ் ஜெராக்ஸ் மிஷின் பேப்பரைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டால் நம்மவர்கள் செய்கிற முதல் வைத்தியம், பக்கவாட்டில் ஒரு தட்டு. இரண்டாவது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. மூன்றாவது, "நான் தொடவே இல்லை சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவது. ஜெராக்ஸுக்கு இது போதும். ஏழெட்டுக் கிலோ எடையுள்ள டூலை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் அரைவட்டம் அடிக்கிற மிஷினிடம் இந்த வைத்தியம் செல்லாது.

நான் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் கணக்கு எழுதுகிறவன். இந்தப் பக்கத்துக்கு இரும்பு புதுசில்லை. 1948-ல் ஆரம்பித்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது எண்ணூரில். அதே 1955-ல் என்ஃபீல்ட் இந்தியா வந்தது திருவொற்றியூருக்கு. பெரிய மரத்தைச் சுற்றிச் செடி முளைப்பது போல அந்தக் கம்பெனிகளைச் சுற்றிச் சந்துக்குச் சந்து லேத்து, மில்லிங், வெல்டிங் பட்டறைகள். எங்களுடையதும் அந்த ரகம்தான். பதினோரு பேர், நாலு லேத், ஒரே ஒரு சிஎன்சி மில்லிங் மிஷின்.

அந்த மிஷின் 1996 மாடல். உடம்பு தைவான், மூளை ஜப்பான் ஃபானுக். எங்கள் முதலாளி மனைவியின் நகைகளை அடகு வைத்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த வட்டியை மாசாமாசம் எழுதுகிற ஆள் நான் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

பழைய மில்லிங் மிஷினில் டூல் மாற்ற வேண்டுமென்றால் ஆபரேட்டர் ஸ்பேனரோடு போராட வேண்டும். மிஷினே தன் டூலை மாற்றிக்கொள்கிற வித்தையை 1950-களின் கடைசியில் அமெரிக்காவில், மில்வாக்கி நகரத்து கியர்னி அண்ட் ட்ரெக்கர் என்ற கம்பெனி கொண்டுவந்தது. எங்களுடையதில் பொருட்காட்சி ராட்டினம் மாதிரி ஒரு டிரம், அதில் 24 டூல். நடுவில் இரண்டு பக்கமும் விரல் வைத்த ஒரு இரும்புக் கை. அந்தக் கை ஒரு பக்கம் ஸ்பிண்டிலில் இருக்கும் டூலையும், மறுபக்கம் டிரம்மிலிருந்து வரும் டூலையும் ஒரே சமயத்தில் பிடித்து, கீழே இழுத்து, சுற்றி, மேலே சொருகிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விடும். முதல் நாள் பார்த்தபோது நான் கை தட்டியிருக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்தக் கை இரண்டு டூலையும் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. ஸ்க்ரீனில், டூல் மாற்றும் நேரம் தாண்டிவிட்டது என்று ஒரு வரி. திங்கட்கிழமை காலையில் 300 வால்வு பாடி டெலிவரி. போகாவிட்டால் அடுத்த ஆர்டர் வேறு ஷெட்டுக்கு. அதற்கு மேல் என்னென்ன நடக்கும் என்பது கணக்குப் பிள்ளைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வைத்தியர்கள் கூடினார்கள். ஆபரேட்டர் தம்பி ரப்பர் சுத்தியலோடு உள்ளே இறங்கப் பார்த்தான். முதலாளி போனில் பிடித்த டீலர், "பழைய மிஷின் சார், கேம் பாக்ஸ் போயிருக்கும்" என்று பார்க்காமலே சொல்லி, லட்சத்தில் ஆரம்பிக்கும் ஒரு தொகையையும் சொன்னார். பக்கத்து ஷெட் எலக்ட்ரீஷியன்தான் ரொம்ப உற்சாகமாக இருந்தார். "இன்னா சார் இது, சென்சார் பிராப்ளம்! ஒரு ஒயர ஜம்ப் போட்டா ஓடிட்டே இருக்கும்." கையில் ஒயர்கூடத் தயாராக இருந்தது.

முதலாளி அரை மனசாகத் தலையை ஆட்டப் போனவர், "காலையில பெரியவரைக் கூப்பிட்டுப் பார்த்துடலாம்" என்று நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு ராத்திரி பொறுமைதான் எங்களைக் காப்பாற்றியது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பெரியவர் இந்தப் பக்கத்துப் பெரிய ஃபேக்டரி ஒன்றில் மெயின்டனன்ஸில் முப்பது வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். ஆபரேட்டர் தம்பி கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

"டேய், உள்ள கை வச்சியா?"

"இல்ல நைனா, லேசா தட்டலாம்னு..."

தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "பத்து விரல் கீது பாத்தியா? இதான் என் சர்டிபிகேட்."

மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, 'ஆள் வேலை செய்கிறார்' என்று ஒரு அட்டையை மாட்டினார். ஏர் லைன் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருந்த காற்றையும் 'புஸ்'ஸென்று வெளியேற்றினார். கரண்டை நிறுத்தினாலும் காற்று உள்ளே அடைபட்டுக் கிடக்குமாம். சிக்கியிருப்பது சட்டென்று விடுபட்டால் அந்தக் காற்று தள்ளும், குறுக்கே இருப்பது விரலா இரும்பா என்று பார்க்காது. பிறகு கையை ஓட்டும் மோட்டாரின் பிரேக்கை விடுவித்து, மோட்டாரின் வாலில் ஸ்பேனர் போட்டு மெதுவாகத் திருப்பினார். கை வெண்ணெய் மாதிரி நகர்ந்து தன் இடத்துக்குப் போனது.

"கேம் பாக்ஸ் போயிருந்தா இப்படி வருமா, மொதலாளி?"

ஒரு லட்ச ரூபாய் கவலை அங்கேயே போயிற்று. மறுபடி பவர் போட்டு, மிஷின் கதவுக்குள் செருகியிருந்த மஞ்சளேறிய வரைபடங்களை எடுத்தார். ஸ்க்ரீனில் வேறொரு பக்கத்தைக் கொண்டுவந்தார். அதில் எழுத்தே இல்லை, வரிசை வரிசையாக 0, 1.

"இது கெட்டுப்போய் நிக்கல. ஒரு கேள்வி கேட்டுட்டு, பதிலுக்காக நிக்குது. இன்னா கேக்குதுன்னு பாப்போம்."

அவர் சொன்னது நம் ஆபீஸ் ஃபைல் விவகாரம்தான். கீழே இனிஷியல் விழாமல் ஃபைல் அடுத்த டேபிளுக்குப் போகாது. கை டூலைப் பிடித்துவிட்டதா? ஒரு சுவிட்ச் 'ஆச்சு' என்று சொல்ல வேண்டும். ஸ்பிண்டில் டூலை விட்டுவிட்டதா? இன்னொரு சுவிட்ச். அதன்பிறகுதான் கை கீழே இழுக்கும். முதல் இனிஷியல் விழுந்திருந்தது. இரண்டாவது இடத்தில் 0.

ஸ்பிண்டில் டூலைப் பிடித்துக்கொள்வது காற்றாலோ கரண்டாலோ அல்ல, ஸ்பிரிங்கால். தட்டைத் தட்டையாக, சோற்றுத் தட்டு அடுக்கினது போன்ற ஸ்பிரிங். 1867-ல் பெல்வில் என்ற பிரெஞ்சுக்காரர் பேட்டன்ட் வாங்கிய சமாசாரம். கரண்ட் போனாலும் காற்று போனாலும் பிடி விடாது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற கத்தி பவர்கட்டில் பறந்து வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. விடுவிக்கத்தான் காற்று வேண்டும், அந்த ஸ்பிரிங்கையெல்லாம் அமுக்குகிற அளவுக்கு.

பெரியவர் பக்கத்து ஷெட் எலக்ட்ரீஷியனைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஜம்ப் போட்டா மிஷின் இன்னா நெனைக்கும்? ஸ்பிண்டில் உட்டுடுச்சுன்னு நெனைச்சு, கை முழு பலத்தோட கீழ இழுக்கும். ஸ்பிண்டில் உடாது. அப்ப எது ஒடையும்?"

யாரும் பேசவில்லை. டீலர் சொன்ன கொட்டேஷன் அப்போதுதான் நிஜமாகியிருக்கும்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்பிண்டில் டூலைத் துணி சுற்றிக் கையில் தாங்கிக்கொண்டு, தலைப்பக்கம் இருக்கும் ரிலீஸ் பட்டனை அமுக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் டூலையே பார்த்தோம். அவர் மட்டும் பின்பக்கத்துப் பிரஷர் கேஜைப் பார்த்தார். சும்மா இருக்கும்போது 6 கிலோ காட்டிய முள், பட்டனை அமுக்கியதும் சரேலென்று மூன்றுக்கு விழுந்தது. டூல் அசையவில்லை.

"ஆறு கிலோ கரெக்டா இருக்குன்னு நேத்தே பார்த்தோமே!" என்றார் முதலாளி.

"செலவே பண்ணாம பாத்தா எல்லார் பாக்கெட்லயும் பணம் இருக்கும் மொதலாளி."

"அப்ப ரெகுலேட்டரை ஏத்திடலாமா?"

"கொழா அடைச்சிருக்கு. டேங்க்ல தண்ணி ஏத்துனா மட்டும் இன்னா ஆவும்?"

ஏர் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த எலிமென்ட் அதிரசம் மாதிரி, அதே நிறத்தில். கம்ப்ரஸர் டேங்கின் அடியில் ஒரு சின்ன வால்வு. அதைத் திறந்ததும் டீக்கடை டிகாஷன் போல ஒரு தண்ணீர் அரை பக்கெட்டுக்கு வந்தது. கடல் கூப்பிடு தூரம். போதாததற்கு ஐப்பசி மழை. அந்த ஈரக்காற்றை அமுக்கி ஆறவைத்தால் தண்ணீராகத்தான் பிரியும். அது டேங்கிலும் இரும்புக் குழாயிலும் துருவைக் கிளப்பி, ஃபில்டரில் கொண்டுபோய் அப்பிவிட்டது. கொஞ்சமாகப் போகும் காற்றுக்கு வழி இருந்தது, ஒரேயடியாகப் போக இல்லை. இந்த வால்வைத் தினம் திறப்பது யார் வேலை என்று பெரியவர் கேட்டார். ஒவ்வொருவரும் இன்னொருவரைப் பார்த்தார்கள்.

பையனைத் தேரடியில் மெட்ரோ ஏற்றி மண்ணடிக்கு அனுப்பினோம். மத்தியானம் புது எலிமென்ட் வந்தது, சில நூறு ரூபாய். மாட்டியபின் பட்டனை அமுக்கினால் முள் ஐந்தரைக்குக் கீழே போகவில்லை. 'டக்'கென்று டூல் பெரியவர் கையில். ஸ்க்ரீனில் அந்த 0, 1 ஆனது. ஆனாலும் உடனே ஓட்ட விடவில்லை. கையில் டூல் இல்லாமல் பத்துத் தடவை, டூலோடு பத்துத் தடவை மாற்றவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வால்வு பாடியை ஏற்றச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இரண்டு ஷிஃப்ட். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு லோடு கிளம்பியது.

பெரியவருக்கு ஒரு தொகை கொடுத்தார் முதலாளி. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன்.

"ஏர் ஃபில்டர்னு எழுதிக்கோ கணக்கு. அதானே மாத்துனோம்?"

தலைப்பு அதுதான் நிற்கிறது, ஆடிட்டர் வந்து கேட்கட்டும். கம்ப்ரஸர் வால்வுக்கு ஒரு ரெஜிஸ்டர் போட்டாயிற்று. தினம் காலை எட்டு மணிக்கு ஆபரேட்டர் தம்பி தண்ணீரை ஒரு மக்கில் பிடித்து என் டேபிள்வரை கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறான். முதல் வாரம் மக் பாதி நிறைந்தது. இப்போது அரை டம்ளர்தான்.