உலர்தலும் உலர்த்தலும்

'உலர்திராட்சை' ஒரு வினைத்தொகை. உலர்ந்த, உலர்கின்ற, உலரும் என முக்காலமும் அதனுள் மறைந்து நிற்கின்றன. 'உலர்' என்பதோ தன்வினை. திராட்சை தானாகவே உலர்ந்துவிட்டது போன்ற தோற்றத்தை அது தருகிறது. ஆக, அச்சொல் காலத்தோடு ஆளையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. "திராட்சை வெயிலில் காய்ந்தால் உலர்திராட்சை" என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் ஒற்றை வரியிலும் அவ்விரண்டும் இல்லை.

புனேயில் வாழும் தமிழ்ப்பெண் ஒருவர் அந்த வரியைத் தம் எட்டு வயது மகனுடன் சோதித்துப் பார்த்தார். மார்ச் மாதத்தில் ஒரு கிலோ விதையில்லாப் பச்சைத் திராட்சையை வாங்கி, மொட்டைமாடியில் பரப்பினார்கள். ஒரு வாரமாகியும் பழங்கள் வாடினவேயன்றி உலரவில்லை. சிலவற்றில் பூஞ்சை படர்ந்தது. எஞ்சியவை உலர்ந்து முடிய ஏறத்தாழ நான்கு வாரங்களாயின. கிடைத்தது கால் கிலோவுக்கும் குறைவு, நிறமோ கரும்பழுப்பு.

"கடையில வாங்குறது மஞ்சளா இருக்கு, நம்மளுது ஏம்மா கறுத்துப்போச்சு?" என்றான் சிறுவன். பாடம் அங்கேதான் தொடங்கியது.

விடை, அதே மராட்டிய மாநிலத்தின் சாங்லி மாவட்டத்தில், தாஸ்காவ் பகுதியில் இருக்கிறது. திராட்சைத் தோலின்மேல் மெல்லிய மெழுகுப்படலம் உண்டு. உள்ளிருக்கும் நீரைக் காப்பது அதுவே. பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட்டும் கலந்த நீரில் குலைகளைச் சில நிமிடங்கள் முக்கியெடுத்து அப்படலத்தைத் தளர்த்துகிறார்கள். பின்னர், காற்றோட்டமுள்ள கொட்டகைகளில் அடுக்கடுக்காகக் கட்டிய வலைகளின்மேல் நிழலில் பரப்புகிறார்கள். நேர்வெயில் படாததால் பழுப்பேறுவது குறைகிறது. நிறத்தைக் காக்கக் கந்தகப் புகை இடுவதும் உண்டு. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் 4 கிலோ பழம் 1 கிலோவாகச் சுருங்கிவிடும். காம்பு நீக்கித் தரம்பிரிக்கும் வேலையில் பெரும்பாலும் பெண்களே ஈடுபடுகின்றனர். உலரும் நாட்களில் பருவம் தவறிய மழை பெய்தால் ஈரக்காற்றில் பழம் கறுத்து விலையிழக்கும். ஓராண்டு உழைப்பின் பயன் அந்தச் சில நாட்களைப் பொறுத்தே அமைகிறது.

இதையெல்லாம் தாய் சொல்லக் கேட்டிருந்த சிறுவன், "அப்போ அது தானா காயல, காயவைக்கிறாங்க" என்றான். தன்வினையிலிருந்து பிறவினைக்கு அவனை நகர்த்தியது இலக்கண நூலன்று. கறுத்துப்போன ஒரு கைப்பிடித் திராட்சை.

மராட்டியர் உலர்திராட்சையை 'பேதாணா' என்பர். விதையற்றது எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. அதிலும் உழைப்பவருக்கு இடமில்லை. ஒரு பொருளைச் சுருங்கச் சுட்டுவதே பெயரின் வேலை என்பதால், அதைக் குறையென்று கூறவியலாது. பெயர் விட்டதை நிரப்ப வேண்டியது பாடம். நீராவியாதலைக் கற்பிக்க உலர்திராட்சையை எடுத்துக்காட்டும் ஆசிரியர், "திராட்சை எப்படி உலர்கிறது?" என்ற வினாவோடு "யார் உலர்த்துகிறார்கள், எத்தனை நாள்?" என்றும் கேட்கலாம். அறிவியல் வகுப்பில் அதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஐந்து நிமிடம்.